அமெரிக்காவின் தொழில் சமரசச் சேவைக்கு நிதி வெட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் மாதம் அமெரிக்க மத்திய அரசு தன் தொழில் சமரசச் சேவையை ஏறத்தாழ முடக்கிய நாள் முதல், இங்குள்ள தமிழ் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்பவர்களில் செவிலியர்களும் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. இருபது முப்பது பேரை வைத்து வேலை வாங்கும் சிறு முதலாளிகளும் உண்டு. திரும்பத் திரும்பச் சொன்ன விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. நான் இந்த வெட்டை எதிர்ப்பவன் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் எதிர்த் தரப்பின் வாதத்தில் நியாயம் இருக்கும் இடத்தில் அதையும் குறித்திருக்கிறேன்.

இந்தச் சேவை என்பது என்ன? இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஃபெடரல் மீடியேஷன் அண்ட் கன்சிலியேஷன் சர்வீஸ் என்பது அதன் முழுப் பெயர். எஃப்எம்சிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே ஊதிய ஒப்பந்தப் பேச்சு முட்டுக்கட்டையில் நிற்கும்போது, இரு தரப்புக்கும் கட்டணமின்றி ஒரு சமரசரை அனுப்பி வைக்கும் மத்திய அரசின் தன்னாட்சி அமைப்பு இது. 1947இல் இயற்றப்பட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தால் உருவானது. அதற்கு முன் இதே பணியைத் தொழிலாளர் துறைக்குள் இருந்த ஒரு பிரிவு செய்துவந்தது.

ரயில்வேயும் விமானப் போக்குவரத்தும் இதன் கீழ் வருவதில்லை; அவற்றுக்கு நேஷனல் மீடியேஷன் போர்டு என்ற வேறொரு அமைப்பு இருக்கிறது. மற்றபடி மருத்துவமனை, முதியோர் இல்லம், ஆலை, மளிகைக் கிடங்கு, பேருந்து நிறுவனம் எனத் தனியார் துறையின் பெரும்பகுதிக்கும், பொதுத்துறையின் ஒரு பகுதிக்கும் இந்தச் சேவை கிடைத்துவந்தது.

சமரசர் வந்து என்னதான் செய்வார்? தீர்ப்புச் சொல்வாரா?

சொல்ல மாட்டார். தீர்ப்புச் சொல்பவர் நடுவர். அவர் சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சமரசருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவரால் யாரையும் கையெழுத்திடச் செய்ய முடியாது, அபராதம் விதிக்க முடியாது, வேலைநிறுத்தத்தைத் தடை செய்யவும் முடியாது. அவரை எழுந்து போகச் சொன்னால் போய்விடுவார்.

அவர் வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரே மேசையில் முறைத்துக்கொண்டிருந்த இரு தரப்பையும் வெவ்வேறு அறைகளில் உட்கார வைப்பார். பிறகு அறைக்கு அறை நடப்பார். சங்கத்தின் பட்டியலில் பதினெட்டுக் கோரிக்கைகள் இருந்தால், எவை கிடைக்காவிட்டால் உறுப்பினர்கள் ஒப்பந்தத்தை நிராகரிப்பார்கள் என்று தனியாகக் கேட்பார். எதிர் அறையில், மருத்துவக் காப்பீட்டில் ஊழியர் பங்கை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது உண்மையான நெருக்கடியா அல்லது பேரத்துக்காக வைத்த காயா என்று தனியாகக் கேட்பார். ஒரு தரப்பு தான் முதலில் இறங்கி வந்ததாகத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சும்போது, அந்த யோசனையைத் தன் யோசனையாகவே மறு அறையில் வைத்துப் பார்ப்பார். நள்ளிரவு தாண்டியும் இது நீளும். இப்படிச் சொல்லப்படுபவை வெளியே போகா என்ற நம்பிக்கையின் மீதுதான் எல்லாம் நிற்கிறது. சமரசரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதை 1980இல் மக்கலூசோ வழக்கில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவை தவிர, நடுவர் தேவைப்படும் இடங்களுக்குத் தகுதியுள்ள தனியார் நடுவர்களின் பட்டியலையும் இந்தச் சேவை பராமரிக்கிறது. வழக்கமாக ஏழு பெயர்கள் வரும். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வர, எஞ்சி நிற்பவர் நடுவராவார்.

நான் ஐடியில் இருக்கிறேன், சங்கம் எதுவும் இல்லை. மேலாளரோடு எனக்குள்ள பிரச்சினைக்கு இவர்கள் உதவுவார்களா?

உதவ மாட்டார்கள். சங்கம் இல்லாத தனிநபரின் புகார்களை இந்தச் சேவை எடுப்பதில்லை. பாகுபாடு தொடர்பானது என்றால் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கும், சம்பளப் பாக்கி என்றால் மத்திய அல்லது மாகாணத் தொழிலாளர் துறைக்கும்தான் போக வேண்டும். ஆனால் உங்கள் தாயார் சேர்ந்திருக்கும் மறுவாழ்வு மையத்தின் செவிலியர்களும், உங்கள் பிள்ளையை ஏற்றிச்செல்லும் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்களாக இருக்கக்கூடும். அங்கே பேச்சு முறிந்தால் அது உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

ஊரில் தொழிலாளர் துறை நடத்தும் சமரசப் பேச்சுவார்த்தை மாதிரிதானா இது?

நோக்கம் ஒன்று, அதிகாரம் வேறு. இந்தியாவின் தொழில் தகராறுகள் சட்டமும் அதே 1947இல் வந்ததுதான்; 2025 நவம்பரில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் சமரச நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதமாக இருந்தது. பேச்சு தோற்றால் அரசு தகராறைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ அனுப்ப முடிந்தது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தமிழக அமைச்சர்களே பேச்சுவார்த்தையில் அமர்ந்ததையும் பார்த்தோம். அமெரிக்கச் சமரசருக்குப் பின்னால் அமைச்சரும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. அதனாலேயே இரு தரப்பும் அவரிடம் மனம் விட்டுப் பேச முடிகிறது என்பது என் கருத்து.

உண்மையில் எதை வெட்டினார்கள்? முழுவதும் மூடிவிட்டார்களா?

2025 மார்ச் 14 அன்று அதிபர் டிரம்ப் 14238ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அருங்காட்சியகம் மற்றும் நூலகச் சேவைகள் நிறுவனம், சிறுபான்மையினர் தொழில் மேம்பாட்டு முகமை உள்ளிட்ட ஏழு அமைப்புகளை, சட்டம் கட்டாயமாகக் கோரும் குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்க வேண்டும் என்று அது கூறியது. அந்த ஏழில் சமரசச் சேவையும் ஒன்று. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அதன் சுமார் 200 ஊழியர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைத் தவிர மற்ற அனைவரும் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள்.

பெயர்ப்பலகை இருந்தது, ஆள் இல்லை. எஞ்சியவர்களைக் கொண்டு, தனியார் துறையில் 1,000 பேருக்குக் குறையாத பேரப் பிரிவுகளின் (ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொழிலாளர் குழுக்களின்) ஒப்பந்தப் பேச்சுகளையும், மருத்துவமனைகளில் 250 பேருக்குக் குறையாத பிரிவுகளையும் மட்டுமே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். பொதுத்துறைத் தகராறுகளும், ஒப்பந்தக் காலத்தின் நடுவே எழும் குறைதீர்ப்புத் தகராறுகளும் கைவிடப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் வெள்ளை மாளிகை வெளியிட்ட 2026 நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், இந்தச் சேவையை முற்றிலும் நீக்கப் பரிந்துரைத்த சிறு அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

இதனால் எவ்வளவு பணம் மிச்சமாகிறது?

இந்தச் சேவையின் ஆண்டு ஒதுக்கீடு சுமார் 5.4 கோடி டாலர். 2024 நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். அதாவது அரசு செலவிடும் ஒவ்வொரு லட்சம் டாலரிலும் ஒரு டாலருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தொகை என்பதாலேயே அதை வெட்டக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அப்படிப் பார்த்தால் எந்தச் சிறு செலவையும் கேள்வி கேட்க முடியாமல் போகும். இந்தத் தொகையை மிச்சப்படுத்துவதால் செலவு மறைகிறதா, அல்லது வேறொருவர் தலையில் விழுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. அடுத்த விடையில் அதைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயிரம் பேருக்கு மேல் உள்ள இடங்களில் சேவை தொடர்ந்தது என்கிறீர்கள். பெரிய வேலைநிறுத்தங்கள்தானே நாட்டைப் பாதிக்கும்? சின்ன இடங்களை விட்டால் என்ன?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் நியாயமாகத் தோன்றுவது இது. இந்த வெட்டு தவறு என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணமும் இதற்கான விடைதான். ஆயிரம் பேர் என்பது தொழிலாளர் புள்ளியியல் நிறுவனம் பெரிய வேலைநிறுத்தங்களை எண்ணுவதற்கு வைத்திருக்கும் வரம்பும்கூட. அந்தக் கணக்கின்படி 2023இல் 33 பெரிய வேலைநிறுத்தங்களும் 2024இல் 31ம் நடந்தன. செய்தித்தாள்களில் நாம் படிப்பவை இவைதான். ஆனால் புதிதாகச் சங்கம் அமையும் பணியிடங்களில் மிகப் பெரும்பாலானவை நூறு பேரைக்கூட எட்டாதவை.

பெரிய பேச்சுவார்த்தையில் இரு பக்கமும் தேர்ந்த வழக்கறிஞர்கள் உண்டு, கணக்கர்கள் உண்டு, முப்பது ஆண்டுகள் பேரம் பேசிப் பழகியவர்கள் உண்டு. சமரசர் கிடைக்காவிட்டால் தங்கள் செலவில் ஒருவரை அமர்த்திக்கொள்ள அவர்களால் முடியும். சிறிய இடத்தில் நிலைமை வேறு. அறுபது பேர் வேலை செய்யும் ஒரு முதியோர் இல்லத்தில் சங்கத்தின் சார்பில் அமர்பவர் இரவுப் பணி முடித்து வந்த ஓர் உதவிச் செவிலியராக இருப்பார். நிர்வாகத்தின் சார்பில் அமர்பவர், கட்டில்களையும் மருந்துக் கணக்கையும் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கும் ஒரு மேலாளராக இருப்பார். இருவரில் ஒருவர்கூட இதற்கு முன் ஓர் ஒப்பந்தத்தை எழுதியிராமல் இருக்கலாம். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகச் சராசரியாக ஓர் ஆண்டுக்கும் மேல் பிடிப்பதற்கு நிர்வாகங்களின் இழுத்தடிப்பு ஒரு காரணம். இந்த அனுபவமின்மை மற்றொன்று. ஆக, சமரசர் மிகவும் தேவைப்படும் இடங்களை விலக்கிவிட்டு, அவர் இல்லாமலும் சமாளிக்கக்கூடிய இடங்களுக்கு மட்டும் அவரை ஒதுக்கியது அந்த வரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 பேர் உள்ள ஒரு பராமரிப்பு மையத்தில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்தால், வாரத்துக்கு 40 மணி நேரம், மணிக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், தொழிலாளர்கள் மட்டும் இழக்கும் ஊதியம் 96,000 டாலர். நிர்வாகம் வெளி முகமைகளிலிருந்து மாற்றுச் செவிலியரை வரவழைக்கும் செலவு இதில் சேரவில்லை. அந்த முகமைகள் பல நேரங்களில் குறைந்தது ஐந்து நாள் ஒப்பந்தம் கேட்பதால், ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம்கூட ஐந்து நாள் கதவடைப்பாக மாறிவிடுவதை மருத்துவத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். இப்படிப்பட்ட சண்டைகள் நாட்டின் புள்ளிவிவரத்தில் தெரியாது. அந்த ஊரில் தெரியும்.

ஆனால் சிறு தகராறுகளில் தலையிட வேண்டாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறதாமே?

சொல்கிறது, ஆனால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மேற்கோள் காட்டுகிறார்கள். மாகாணங்களுக்கு இடையிலான வணிகத்தில் சிறிய பாதிப்பை மட்டுமே ஏற்படுத்தும் தகராறுகளைத் தவிர்க்கும்படி டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் 203ஆம் பிரிவு அறிவுறுத்துவது உண்மை. ஆனால் மாகாணச் சமரச அமைப்போ வேறு சமரச வசதியோ அந்தத் தரப்பினருக்குக் கிடைக்கும் நிலையில் மட்டுமே அப்படித் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. மாற்று வசதி இருக்கிறதா என்று பார்க்காமல், தலைகளை எண்ணி ஒரே கோடு கிழித்தது சட்டம் சொன்ன வழி அல்ல.

அதே பிரிவு, ஒப்பந்தக் கால நடுவே எழும் குறைதீர்ப்புத் தகராறுகளுக்குச் சேவையைக் கடைசிப் புகலாகவும் விதிவிலக்காகவும் மட்டுமே தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஒரு வகைப் பணியைக் குறைத்ததில் வெட்டை ஆதரிப்போர் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறைப்பதும் ஒரேயடியாகக் கைவிடுவதும் ஒன்றல்ல என்பது மட்டுமே என் மறுப்பு.

மருத்துவமனைகளுக்குத்தான் 250 என்று தனி வரம்பு வைத்தார்களே, அது போதாதா?

போதாது. மருத்துவ நிறுவனங்களைப் பொறுத்தவரை 1974ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் மிகத் தெளிவானது. ஒப்பந்தத்தை மாற்ற விரும்பும் தரப்பு 90 நாட்களுக்கு முன் எதிர்த் தரப்புக்கும், 60 நாட்களுக்கு முன் சமரசச் சேவைக்கும் அறிவிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்வதானால் 10 நாட்களுக்கு முன் நிர்வாகத்துக்கும் சேவைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் சேவை உடனடியாக இரு தரப்பையும் தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயல வேண்டும். அது கூட்டும் கூட்டங்களில் இரு தரப்பும் பங்கேற்றே ஆக வேண்டும்.

இவை விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல, கடமைகள். முதியோர் இல்லங்களும் இதில் அடங்கும். ஊழியர் எண்ணிக்கைக்கு எந்த வரம்பும் அங்கே இல்லை. நோயாளிகளின் உயிர் தொடர்பான இடம் என்பதால்தான் தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமைக்கு இத்தனை காத்திருப்பை விதித்து, ஈடாகச் சமரச முயற்சியைச் சட்டம் உறுதியளித்தது. காத்திருப்பு அப்படியே நிற்க, உறுதியளித்த சமரசம் மட்டும் மறைந்தால், அது ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போட்டதாகவே முடியும்.

நிர்வாகத்தை எதிர்க்கத் தொழிற்சங்கங்களுக்கு அரசு கொடுக்கும் இலவச உதவிதானே இது?

வரலாறு நேர் எதிரானது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1946இல் மட்டும் ஏறத்தாழ 46 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 11.6 கோடி வேலை நாட்கள் வீணாயின. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றம், அதிபர் ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறி, டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்கள் அதை அடிமைச் சட்டம் என்று தூற்றின. அந்தச் சட்டத்தின் வயிற்றில் பிறந்ததுதான் இந்தச் சேவை. தொழிலாளர் துறைக்குள் இருந்தால் தொழிலாளி பக்கம் சாய்ந்துவிடும் என்று முதலாளிகள் ஐயப்பட்டதால்தான் அது வெளியே எடுத்துத் தன்னாட்சி அமைப்பாக ஆக்கப்பட்டது. முதல் இயக்குநரான சைரஸ் சிங், யு.எஸ். ரப்பர் நிறுவனத்தில் தொழிலுறவுகளைக் கவனித்துவந்தவர். அதாவது நிர்வாகத் தரப்பிலிருந்து வந்தவர்.

மேலும் இரண்டாம் விடையில் சொன்னபடி, இரண்டு அறைகளிலும் கதவைத் தட்டுபவர் அவர். சங்கத்தின் அறையில் அவர் சொல்லும் கசப்பான செய்திகளைக் கேட்டவர்கள் யாரும் அவரைச் சங்கத்தின் ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

தேவைப்படுபவர்கள் தனியார் சமரசரை அமர்த்திக்கொள்ளலாமே?

பெரிய இடங்கள் அமர்த்திக்கொள்ளும். ஏற்கெனவே சில அவ்வாறு செய்கின்றன. அனுபவமுள்ள தனியார் சமரசரின் கட்டணம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர்களில் தொடங்கும். ஒரு சிக்கலான பேச்சுக்கு நான்கைந்து நாட்கள் தேவைப்படலாம். முன்பு சொன்ன அறுபது பேர் சங்கத்தின் ஓராண்டுச் சந்தாவில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

பணத்தைவிடச் சிக்கலான பிரச்சினை, யார் கொடுப்பது என்பது. முழுச் செலவையும் நிர்வாகம் ஏற்றால், தொழிலாளிகள் அந்தச் சமரசரை நம்ப மாட்டார்கள். பாதிப் பாதி என்றால், சமரசரை அழைக்கலாமா, யாரை அழைக்கலாம் என்பதே மற்றொரு தகராறாகிவிடும். பேச்சு முறிந்து கோபம் உச்சத்தில் இருக்கும் நாளில் அந்த இரண்டாம் சண்டைக்கு யாருக்கும் தெம்பு இருக்காது. யாருடைய காசிலும் வராதவர் என்பதுதான் அரசு அனுப்பும் சமரசரின் பலம்.

சரி, மாகாண அரசுகள் பார்த்துக்கொள்ளட்டுமே?

மின்னசோட்டாவில் தனிச் சமரசத் துறை இருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் மாகாண அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் பல மாகாணங்களில் தனியார் துறைக்கென்று எதுவுமே இல்லை. இருக்கும் சிலவும் அரசு ஊழியர்களை மட்டுமே கவனிக்கின்றன. எந்த மாகாணங்களில் சங்கங்கள் பலவீனமாகவும் பேரம் பேசிய அனுபவம் குறைவாகவும் இருக்கின்றனவோ, பெரும்பாலும் அவற்றில்தான் இந்த வெற்றிடமும் இருக்கிறது. மாகாணங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது கொள்கையளவில் சரியானதாகவே இருக்கட்டும். அவை ஆள் எடுத்துப் பயிற்சி தர அவகாசம் கொடுத்திருக்க வேண்டாமா? மார்ச் 14இல் ஆணை, அந்த மாத முடிவுக்குள் நாற்காலிகள் காலி.

சமரசரால்தான் தீர்ந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் வராவிட்டாலும் தீர்ந்திருக்குமே.

பல தகராறுகளில் தீர்ந்திருக்கும்தான். இந்தச் சேவையால் நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகிறது என்ற மதிப்பீட்டை வெட்டின் எதிர்ப்பாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். நடக்காமல் போன வேலைநிறுத்தத்துக்கு விலை போடுவது எளிதல்ல என்பதால், நான் அந்த எண்ணின் மீது அதிகம் சாய்வதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் செலவு ஏறத்தாழ ஈடாகிவிடும் என்பதை மட்டும் கவனிக்கலாம்.

எண்களைவிட நடந்ததைப் பார்ப்பது உதவும். 2012-13இல் தேசிய ஹாக்கி லீக்கில் கதவடைப்பு நூறு நாட்களைத் தாண்டி, இரு தரப்பும் நேருக்கு நேர் பேசவே மறுத்த நிலையில், சேவையின் ஸ்காட் பெக்கன்பாக் என்ற சமரசர் ஒரு நாள் முழுவதும் நியூயார்க்கில் அவர்களுக்கு இடையே மாறி மாறிச் சென்று பேசினார். அதன்பின் ஒரே அறைக்கு வந்த இரு தரப்பும் 2013 ஜனவரி 6 அதிகாலையில் உடன்பட்டன. 82 ஆட்டங்களுக்குப் பதில் 48 ஆட்டங்களோடு பருவம் பிழைத்தது. கோடீசுவரர்களுக்கும் லட்சாதிபதிகளுக்கும் நடந்த சண்டை இது, அவர்களுக்கு ஏன் இலவச சமரசர் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றால் நான் ஆதரிப்பேன். ஆனால் மார்ச் 2025இன் வெட்டு பணபலமுள்ள பெரிய இடங்களுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முதியோர் இல்லத்துக்குச் சாத்தியது.

அந்த அலுவலகத்தில் பணத்தை வீணடித்ததாக முன்பே புகார்கள் வந்தனவே?

வந்தன. 2010களில் அரசு கொள்முதல் அட்டைகளின் பயன்பாடு, உள் கட்டுப்பாடு ஆகியவை பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. செலவு முறையை இறுக்குவதுதான் அதற்கு மருந்து. கணக்கர் தவறு செய்தார் என்பதற்காகச் சமரசரை வீட்டுக்கு அனுப்புவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

அலுவலகத்தில் ஆளே இல்லை என்றால், ஒப்பந்தம் முடியும்போது அனுப்ப வேண்டிய எஃப்-7 அறிவிப்பை அனுப்பத் தேவையில்லை அல்லவா?

கண்டிப்பாக அனுப்ப வேண்டும். இதில் ஏமாந்தால் விளைவு கடுமையானது. தனியார் துறையில் ஒப்பந்தத்தை முடிக்கவோ மாற்றவோ விரும்பும் தரப்பு, அது காலாவதியாகும் தேதிக்கு 60 நாட்களுக்கு முன் எதிர்த் தரப்புக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் எஃப்-7 படிவத்தின் மூலம் சமரசச் சேவைக்கும், மாகாண அமைப்பு இருந்தால் அதற்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவ நிறுவனங்களுக்கான கால அளவை மேலே சொன்னேன். இந்த அறிவிப்பைத் தராத தரப்பு தொடங்கும் வேலைநிறுத்தமோ கதவடைப்போ சட்டவிரோதமாகிவிடும். அறிவிப்புக் காலம் முடியும் முன் வேலைநிறுத்தத்தில் இறங்கும் தொழிலாளி, சட்டம் தரும் பாதுகாப்பையே இழந்துவிடலாம்.

அரசு தன் கடமையைச் சுருக்கிக்கொண்டது. உங்கள் கடமை ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. அனுப்பியதற்கான சான்றை அச்செடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம்தான் தடுத்துவிட்டதே, இன்னும் ஏன் எதிர்க்க வேண்டும்?

2025 ஏப்ரலில் 21 மாகாணங்கள் ரோட் ஐலண்ட் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. மே மாதத்தில் நீதிபதி ஜான் மெக்கானல் இடைக்காலத் தடை விதித்தார். விடுப்பில் அனுப்பப்பட்ட சமரசர்கள் பணிக்குத் திரும்பினார்கள். நவம்பரில் வந்த இறுதித் தீர்ப்பும் மாகாணங்களுக்குச் சாதகமாகவே அமைந்தது. நாடாளுமன்றம் சட்டத்தால் அமைத்து, நிதியும் ஒதுக்கிய ஓர் அமைப்பை நிர்வாக ஆணையால் கலைக்க முடியாது என்பதே அதன் சாரம். ஆணை வெளியான மறுநாளே, 2025 மார்ச் 15 அன்று, அரசின் முழு ஆண்டுச் செலவுக்கான சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆனால் நீதிமன்றம் காப்பாற்றியது, ஒதுக்கப்பட்ட நிதியைச் செலவிட வேண்டும் என்ற கடமையைத்தான். நிதியே ஒதுக்கப்படாவிட்டால் எந்த நீதிபதியாலும் ஒன்றும் செய்ய இயலாது. மூடலைப் பரிந்துரைத்த வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி முன்பே சொன்னேன். அந்த முடிவு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. இன்னொரு சேதமும் உண்டு. ஒரு சமரசர் தேறுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒருமுறை கதவைக் காட்டிய அலுவலகத்துக்கு ஓய்வூதிய வயதை நெருங்கியவர்கள் திரும்ப விரும்ப மாட்டார்கள். இளையவர்கள் புதிதாக வரவும் தயங்குவார்கள்.

நாங்கள் சிறிய சங்கம் / நான் சிறு முதலாளி. இப்போது என்ன செய்ய வேண்டும்?

இருவருக்கும் விடை ஒன்றுதான். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மாகாணத்தின் இரு செனட்டர்களுக்கும், தொழிலாளர் மற்றும் சுகாதாரத் துறைகளுக்கான ஒதுக்கீட்டு மசோதாவில் இந்தச் சேவையின் நிதியைக் குறைக்காமல் வைக்கும்படி எழுதுங்கள். பொதுவான கண்டனத்தைவிட, உங்கள் பணியிடத்தில் எந்த ஆண்டு எந்தப் பேச்சில் சமரசர் உதவினார், எத்தனை பேர் பிரிவு அது என்று ஒரே பத்தியில் எழுதுவது அலுவலகத்தில் கவனிக்கப்படும். இரு தரப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அதற்கு மதிப்பு இன்னும் அதிகம். குடியரசுக் கட்சி உறுப்பினரின் அலுவலகத்தில் முதலாளியின் கையெழுத்து செய்யும் வேலையைச் சங்கத்தின் தீர்மானம் செய்யாது.

உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். நடுவர் பட்டியலை எஃப்எம்சிஎஸ் தர வேண்டும் என்று மட்டும் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் ஏராளம். 2025 வசந்தத்தில் அப்படி எழுதியவர்களில் பலர் திகைத்துப் போனார்கள். அந்தப் பட்டியல் கிடைக்காவிட்டால் அமெரிக்க நடுவர் சங்கத்திடமிருந்தோ, இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பெயர்களிலிருந்தோ தெரிவு செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தகராறு இல்லாத காலத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். தகராறு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.